சீனச்சட்டியும் தமிழர் அடுக்களையும்

பேராக் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், சித்தியவானுக்கு அண்மையில் ஆயர் தாவார் என்னும் சிற்றூர் உள்ளது. மலாய் மொழியில் அப்பெயர் உப்புக் கலவாத நன்னீரைக் குறிக்கும். அவ்வூரிலும் சுற்றுவட்டத்திலும் வாழும் தமிழர் இல்லங்களின் அடுக்களையில் அடி குழிந்த இருப்புச் சட்டி ஒன்று காணப்படும். அதனை அவர்கள் 'குவாலி' என்று அழைப்பர். அது மலாய்ச் சொல். அதே வடிவச் சட்டியைத் தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டங்களில் 'சீனச்சட்டி' என்பர்; மலையாளத்திலும் அதற்கு அப்பெயரே வழங்குகிறது. சீனர் ஒருவரையேனும் கண்ணால் கண்டறியாத சிற்றூரில் சட்டிக்குச் சீனப் பெயர். சீனர் அண்டை வீட்டிலும் அடுத்த கடையிலும் வாழும் ஊரிலோ அதே சட்டிக்கு மலாய்ப் பெயர். இம்முரணின் காரணத்தைத் தேடிச் செல்வோர், அடுக்களையில் தொடங்கிக் கடல் கடந்து நெடுந்தொலைவு செல்ல நேரிடும்.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலேசியத் தமிழர் வீடுகளில் இன்று ஒரு சிறு பூசல் அடிக்கடி எழுகின்றது. சீனக் கடையில் பொட்டலமாகக் கட்டி வாங்கும் கோழி வதக்கலைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர். தாய்மார் அதனை வீட்டிலேயே செய்து தருகின்றனர். முதியோரோ, 'இது நம் சமையல் அன்று' என்று முகம் சுளிக்கின்றனர். எது நம்முடையது, எது பிறருடையது என்னும் வழக்கைத் தீர்ப்பதற்கு ஏடுகள் போதிய அளவில் துணைசெய்வதில்லை. தோட்ட நிருவாகத்தார் எழுதி வைத்த கணக்குகளில் பால் எடையும், ஆள் பேரும், அரிசி விலையும் உண்டு. லயத்து வீட்டின் அடுப்பில் என்ன கொதித்தது என்பதை எந்தக் கிராணியும் எழுதி வைத்தாரல்லர். ஆகவே சொல்லையும் கலத்தையுமே சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

முதலில் சொல்லை நோக்குவோம். தமிழில் 'சீன' என்னும் அடையோடு வழங்கும் பெயர்கள் பல. சீனி, சீனாக்காரம், சீனவெடி ஆகியவற்றைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். இவற்றுள் சீனி என்பது மிகவும் கருதத்தக்கது. கரும்பு தமிழர்க்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தி புறநானூற்றிலேயே உள்ளது. கரும்பின் சாற்றைக் காய்ச்சி வெல்லம் செய்யவும் தமிழர் அறிவர். எனினும் வெண்மையாகவும் மணல் போன்றும் இருந்த சருக்கரை வகைக்கே சீனத்தின் பெயர் வாய்த்தது. இனிப்பு சீனத்திலிருந்து வந்தது என்பது இதன் பொருளன்று. அவ்வகைப் பொருளே சீனத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது என்பதே பொருள். சீனச்சட்டிக்கும் இவ்விதியே பொருந்தும். சட்டி தமிழருடையது, ஒரு தனிவகைச் சட்டிக்கே அடைமொழி சேர்ந்தது. மக்கள் வழக்கில் இச்சொல் சில இடங்களில் 'சீனிச்சட்டி' எனத் திரிந்து, சீனிப்பாகு காய்ச்சுவதால் வந்த பெயர் போலும் என்று கருதவும் இடந்தந்துவிட்டது. வேரை மறந்த சொல் தனக்கொரு புதுவேரைத் தானே தேடிக்கொள்ளும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அத்தனிவகை யாது? இரும்பைக் காய்ச்சி அடித்துக் கலமாக்கும் தொழில் தமிழகத்தில் மிகப் பழையது. கொடுமணல் போன்ற இடங்களில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் இரும்பை நீர்போல் உருக்கி, அச்சில் ஊற்றி, மெல்லிய கலமாக வார்த்தெடுக்கும் கலையில் சீனரே முன்னின்றனர். கிறித்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்கள் வார்ப்பிரும்பைக் கையாண்டனர். பிற்காலத்தில் குவாங்தோங் மாநிலத்தின் போஷான் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்போனதாயிற்று. சாவகக் கடலில் மூழ்கிக் கண்டெடுக்கப்பட்ட பழைய மரக்கலம் ஒன்றில் பீங்கானோடு பெருந்தொகையான இரும்பும் இருந்தது. 1349இல் வாங் தாயுவான் எழுதிய 'தாவோயி சீலுவே' என்னும் நூல், தென்கடல் நாடுகளில் விலைபோகும் சரக்குகளைக் கூறுமிடத்து இரும்புக் கலங்களையும் கூறுகின்றது.

அந்நூலே தமிழகத்தையும் தொடுகின்றது. நாகப்பட்டினத்தில் செங்கல்லாலான கோபுரம் ஒன்று இருந்ததையும், அதில் சீன எழுத்தில் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்ததையும் வாங் தாயுவான் குறிப்பிடுகின்றார். அவ்வாண்டு 1267 ஆகும். அக்கோபுரம் நெடுங்காலம் நின்று, 1867இல் இடிக்கப்பட்டது. சோழர் தூதுவர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தனர். இறுதியாகக் கூறியது 72 பேர் கொண்ட தூது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே தமிழ் வணிகர் சிவபெருமானுக்குத் திருமேனி எழுந்தருளுவித்த செய்தியை அது தெரிவிக்கின்றது. இலங்கையின் காலியில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய 1409ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. இத்தகைய போக்குவரவு நிலவிய கடலில் பட்டும் பீங்கானும் மட்டுமே வந்தன, சட்டி வரவில்லை என்று கூறுதற்கில்லை. அதே வேளையில், சோழர் காலத்துத் தமிழ்ப் பெண்டிர் சீனச்சட்டியில் சமைத்தனர் என்று முழங்குதலும் தகாது. சொல் ஒன்றே அத்துணைப் பாரத்தைத் தாங்கமாட்டாது.

குவாலி என்னும் மலாய்ச் சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. தமிழில் உள்ள 'குவளை' என்னும் சொல்லோடு அதனை இணைத்துப் பேசுவோர் உண்டு. கடை என்பது 'கெடை' ஆகவும், கறி என்பது 'காரி' ஆகவும் மலாயில் சென்று வழங்குதல் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் குவளை சிறு கலம். குவாலியோ சமைக்கும் சட்டி. ஒலி ஒத்திருப்பினும் பொருள் ஒத்துவாராத இடத்தில் உறவைத் துணிந்து கூறாதிருத்தலே சொல்லாராய்ச்சிக்கு அழகு. உண்மையெனில், சீனரின் கலம் தமிழ்ப் பெயரால் மலாயில் வழங்கி, மீண்டும் தமிழர் வாய்க்கே திரும்பியதாகும். அத்தகைய சுவையான கதை என்பதே அதனை ஐயுறுவதற்குப் போதிய காரணம்.

வதக்கலின் தோற்றம்

சீனத்தில் வதக்கும் முறைக்குச் 'சாவ்' என்று பெயர். தானியங்களை நீரின்றி வறுத்தலையே இச்சொல் முதலில் குறித்தது. ஆறாம் நூற்றாண்டில் ஜியா சீசியே எழுதிய உழவு நூலில் முட்டையை எண்ணெயில் கிளறிச் செய்யும் முறை கூறப்பட்டுள்ளது. எனினும் இம்முறை பெருவழக்காகப் பரவியது சோங் அரசர் காலத்திலும் அதற்குப் பின்னருமே.

கடையில் சமைத்த உணவை வாங்கி வீட்டிற்குக் கொண்டு செல்லுதலும் இக்காலத்து நாகரிகம் அன்று. சோங் அரசரின் தலைநகரான காய்பெங் 1127இல் பகைவர் கையில் வீழ்ந்தது. அந்நகரின் பழஞ்சிறப்பை நினைந்து மெங் யுவான்லாவ் என்பவர் எழுதிய நூல் 1147ஐச் சார்ந்தது. அந்நகரத்து வணிகக் குடும்பத்தார் பலர் வீட்டில் கறி சமைத்து வையாமல் கடையிலேயே அவ்வப்போது வாங்கி உண்டனர் என்று அவர் கூறுகின்றார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தாய்மார்க்கு இச்சிக்கல் இருந்தது போலும்!

மேலை நாட்டார்க்கு இம்முறையைக் கூறச் சொல்லே இல்லை. மருத்துவரான பூவெய் யாங் சாவ் என்னும் சீன அம்மையார் 1945இல் அமெரிக்காவில் சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய கணவர் யுவான் ரென் சாவ் பெயர்பெற்ற மொழியியலறிஞர். கிளறுதல், பொரித்தல் ஆகிய இருவினைகளை ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு புதுத்தொடர் அந்நூலில் அமைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்குவது அத்தொடரே. அந்நாட்டில் சீன உணவைக் கட்டிக் கொடுக்கும் தாள் பெட்டி 1894இல் சிக்காகோவைச் சேர்ந்த ஒருவர் உரிமை பெற்றது; அது முதலில் சிப்பி இறைச்சிக்கென ஏற்பட்டதாம்.

தமிழில் இதற்குச் சொல் உண்டா? ஆசிரியர்கள் வகுப்பில் வைத்து ஆராயத்தக்க வினா இது. பொரியல், வறுவல், துவட்டல், வதக்கல், பிரட்டல் எனச் சொற்கள் பல உள. குறுந்தொகைக் காலத்திலேயே தாளிப்புக்குக் 'குய்' என்னும் அழகிய சொல் இருந்தது. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனிச் செயலைக் குறிக்கும். வறுத்தலில் ஈரம் முற்றும் போகும். வதக்குதலில் பொருள் குழைந்து வாடும். மலேசியத் தமிழர் பெரிதும் விரும்பும் பிரட்டலில் மசாலை நீர் வற்றி இறைச்சியில் ஒட்டும்வரை நெடுநேரம் அடுப்பில் இருக்கும். சீனர் முறையிலோ பொருள் வாடவும் கூடாது, உலரவும் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் சில நிமிடமே புரண்டு, உள்ளே சாறும் வெளியே சிவப்புமாக இறங்குதல் வேண்டும். 'வதக்கல்' என்பதையே இக்கட்டுரை ஆளுகின்றது. முழுப்பொருத்தம் கருதியன்று, வேறு நெருங்கிய சொல் இன்மையாலேயே ஆகும். மலாய் மொழி இத்தொல்லையின்றிக் 'கோரிங்' என்னும் ஒரு சொல்லாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கின்றது.

ஆயர் தாவார் வட்டாரம்

இனி ஆயர் தாவாருக்குத் திரும்பலாம். 1903ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் சீனத்தின் பூச்சௌ பகுதியிலிருந்து சுமார் 360 பேர் சித்தியவானில் வந்து இறங்கினர். மெதடிஸ்டு சபையைச் சார்ந்த லூரிங் பாதிரியார் அவர்களைக் கொணர்ந்தார். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சரவாக்கின் சிபுவில் இதே நாட்டார் குடியேறியிருந்தனர். நெல் விளைவிக்கக் கருதி அழைக்கப்பட்டோர் விரைவிலேயே இரப்பருக்கு மாறினர். இவர்களின் வழியினரும் உறவினருமே சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் பரவி வாழ்கின்றனர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் நன்று. சீனர் என்றால் எல்லாரும் ஒரே சமையல் உடையார் அல்லர். சாத்தூரார் சமையலும் தஞ்சாவூரார் சமையலும் எத்துணை வேறோ, அதனினும் மிகுதியான வேறுபாடு சீனர்க்குள் உண்டு. பூச்சௌ மக்களின் பெருமைக்குரிய கோழி, வதக்கல் அன்று. சிவந்த பூஞ்சை ஏற்றிய அரிசியால் வீட்டிலேயே மது வடித்து, அம்மதுவிலும் அதன் சக்கையிலும் கோழியை வேகவைத்து, நூல் போன்ற மீ சுவாவோடு உண்பர். பிள்ளை பெற்ற தாய்க்கும் அதுவே பத்தியம். அடுப்பின் உட்சுவரில் அப்பிச் சுடும் 'கோங் பியாங்' என்னும் சிறு ரொட்டியும் இவ்வட்டாரத்தின் அடையாளம். தமிழர் இல்லத்தில் இன்று செய்யும் சோயா, சிப்பிச் சாறு சேர்ந்த கோழி வதக்கலின் தாயகமோ குவாங்தோங். ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈப்போ நகரிலும் நிறைந்திருந்த கந்தோனிய மக்களிடமிருந்தே அச்சுவை பேராக் முழுவதும் பரவியது என்று கொள்ளுதல் பொருந்தும். சிப்பிச் சாற்றை 1888இல் லீ கும் சியோங் என்பவர் விற்பனைப் பொருளாக்கினார். லீ கும் கீ என்னும் நிறுவனத்தின் தொடக்கம் அது. மற்றொரு கடைப்பண்டமான கொங்போ கோழியின் பெயர், 1876இல் சிச்சுவான் ஆளுநரான திங் பாவ்சென் என்பாரின் பட்டத்திலிருந்து வந்தது. மிளகாய் வற்றலை எண்ணெயில் கருக்கித் தொடங்கும் இப்பண்டம் தமிழர் நாவுக்கு எளிதில் ஒத்துப்போனதில் வியப்பில்லை. அம்மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இரு மக்களுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த விருந்தாளியே.

தமிழர் இவ்வட்டாரத்திற்கு வந்தது கங்காணிமார் வழியே, பால்மரக் காட்டிற்கு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், ஆணும் பெண்ணும் பால் வெட்டி, நண்பகல் கழிந்து லயத்திற்கு மீள்வது அவர்கள் வாழ்க்கை. சீனர் சிறுசிறு துண்டாக நறுக்கி விரைவில் சமைத்தமைக்கு விறகுப் பஞ்சமே காரணம் என்று எழுதுவோர் உளர். தோட்டத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. வெட்டி வீழ்த்திய கிழட்டு இரப்பர் மரங்கள் கிடந்தன. அங்கே பஞ்சம் நேரத்திற்கே. எனினும் லயத்துப் பெண் விரைவுச் சமையலை அன்றே மேற்கொண்டாள் என்று எண்ணுதல் கூடாது. கோழி அரிய பொருள். வளர்த்த கோழியைத் தீபாவளிக்கோ குலதெய்வப் படையலுக்கோ அறுப்பர். அக்கோழியின் இறைச்சியும் கடினமானது. ஐந்து நிமிட வதக்கலுக்கு அது இணங்காது; குழம்பில் நெடுநேரம் வெந்தால்தான் பல்லுக்கு வசப்படும். நாளும் கிடைத்தது கருவாடும் பருப்பும் கீரையுமே. பண்ணைக் கோழி மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே கோழி வதக்கல் வீட்டுப் பண்டமாயிற்று. உணவின் வரலாற்றில் விருப்பத்தைக் காட்டிலும் இறைச்சியின் இயல்பே பலவற்றை முடிவு செய்கின்றது.

அதற்கு முன்னரே சீனப் பொருள்கள் தமிழ் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டன. வாயில் சீனரின் மளிகைக் கடை. அரிசி, புளி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கே கடனுக்குக் கிடைக்கும். '555' என்று அட்டையில் எண் பொறித்த சிறு குறிப்புப் புத்தகத்தில் கணக்கு ஏறும். சம்பள நாளில் ஓரளவு இறங்கும். தமிழச்சிக்குச் சீனம் தெரியாது. தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. இடையே கடைத்தெரு மலாய் நின்று பேசியது. அதனாலேதான் சட்டி குவாலியாயிற்று, சோயாச் சாறு கிச்சாப் ஆயிற்று. கிச்சாப் என்பதே ஹொக்கியன் மொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். தவுகே, தாவு, மீ ஆகியனவும் அவ்வாறே. பிறப்பிலே சீனம், வளர்ப்பிலே மலாய், வாழ்க்கைப்பட்டது தமிழில். தொடக்கத்தில் எழுப்பிய முரணுக்கு விடை இதுவே. தமிழகத்துக்குச் சட்டி கடல்வழிச் சரக்காக வந்தது. சரக்குக்குப் பிறந்த நாட்டின் பெயர் சூட்டுதல் வணிகர் வழக்கம். மலாயாவில் அது கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பொருள். கேட்கும் மொழியின் பெயரே அதற்கு வாய்த்தது.

இரு பெருந்துன்பங்கள் உணவுப் பழக்கத்தைக் குலைத்தன. 1941 டிசம்பர் தொடங்கி 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று; தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அடுத்து 1948 முதல் 1960 வரை நெருக்கடிநிலை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு எட்டாதிருக்க அரசினர் கடுங்கட்டுப்பாடு விதித்தனர். அப்படையின் தலைவர் சின் பெங் 1924இல் பிறந்ததும் சித்தியவானிலேயே. 1950 முதல் சீனக் குடியானவர் பல இலட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர்; பேராக்கிலேயே அவை மிகுதி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் வேலிக்குள் அடங்கின. தகர டப்பாவில் அடைத்த உணவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுத்தனர், சேமித்து வைக்கலாகாது என்பதற்காக. சில இடங்களில் அரிசியாக விற்பதை நிறுத்திப் பொதுச் சமையலறையில் சோறாக்கியே வழங்கினர். சோறு விரைவில் கெட்டுப்போகும் அன்றோ! பால் வெட்டப் போகிறவர் வேலைக்காட்டிற்குக் கட்டுச்சோறு கொண்டுபோகவும் தடை இருந்தது. வாயிலில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட நேர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளே இன்று சீனக் கடையிலிருந்து 'தாபாவ்' வாங்கிக் கொண்டு வருகின்றனர்.

தாபாவ் என்பது சீனச் சொல். பொட்டலம் கட்டுதல் என்பது பொருள். முற்காலத்தில் வதக்கிய மீயையும் குவே தியாவையும் பாக்குமட்டையில் கட்டித் தந்தனர். சூட்டில் மட்டையின் மணம் உணவில் ஏறும். தமிழர்க்குப் பழகிய மட்டையே ஆனதால், அயலுணவு பழகிய கட்டில் வந்தது எனலாம்.

கடன் கொண்டதும் கொடுத்ததும்

அயலார் முறையைத் தனதாக்கிக்கொள்வதில் தமிழ் முசுலிம்கள் முந்திக்கொண்டனர். சீனரின் மஞ்சள் மீயையும் தாவுவையும் குவாலியையும் எடுத்து, மிளகாய் அரைப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, மாமாக் மீ கோரிங் என்னும் பண்டத்தைப் படைத்தனர். அது சீனரிடமும் இல்லை, கீழக்கரையிலும் இல்லை; இங்கேயே பிறந்தது. மறுபக்கம், மலேசியச் சீனரின் 'கம் ஹியோங்' என்னும் வதக்கலில் கறிவேப்பிலையும் கறித்தூளும் சேருகின்றன. வெண்ணெயில் இறாலும் கோழியும் வதக்கும் கடைகளிலும் கறிவேப்பிலை பொரியும் மணம் எழும். கறிவேப்பிலையை எந்தச் சீனர் எந்தத் தமிழ்ப் பெண்ணின் வேலியோரம் முதலில் பறித்தார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கொண்டது ஒருதலை அன்று என்பதற்கு அவ்விலையே சான்று. முகம் சுளிக்கும் முதியோர் இதனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் தகும்.

வீட்டில் செய்வதற்கு விலைமலிவு ஒன்றே காரணம் என்பதும் சரியன்று. சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு கையாளப்படுதல் உண்டு. முசுலிம்கள் அங்கே உண்ணார். இந்துக்களிலும் பலர் தயங்குவர். வெள்ளிக்கிழமை விரதம் முடித்தார் வீட்டுச் சட்டியையே நம்புவர். கடைச் சுவையும் வேண்டும், மனத்தூய்மையும் வேண்டும் என்னும் இரண்டுங்கெட்டான் நிலையில் பிறந்ததே வீட்டு வதக்கல்.

செய்முறையும் வரலாற்றின் பகுதியே ஆதலால் சுருக்கமாகக் கூறலாம். எலும்பு நீக்கிய கோழித்தொடை 500 கிராம் எடுத்து, நரம்போட்டத்திற்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்குவர். ஒரு மேசைக்கரண்டி சோயாச் சாறு, ஒரு தேக்கரண்டி சோளமாவு, சிறிது எண்ணெய் ஆகியவற்றில் பிசைந்து கால்மணி நேரம் வைப்பர். சோளமாவு இறைச்சியின்மேல் மெல்லிய போர்வையாகி உட்சாற்றைக் காக்கும். பூண்டு, இஞ்சி, இரண்டாகக் கிள்ளிய மிளகாய் வற்றல், பெரிய வெங்காயம், குடைமிளகாய் ஆகியன தனித்தனியே நறுக்கி வைக்கப்படும். சிப்பிச் சாறு, கெட்டிக் கிச்சாப், சீனி ஒரு சிட்டிகை, சோளமாவு கரைத்த நீர் ஆகியன ஒரு கிண்ணத்தில் கலந்து காத்திருக்கும். அடுப்பை மூட்டிய பின் நறுக்குதற்கு நேரமிராது. தமிழ்ச் சமையலில் வெங்காயம் வதங்கும் இடைவேளையில் தக்காளி நறுக்கலாம். இங்கே அது நடவாது. இவ்வொரு வேறுபாட்டை உணராமையே பலரின் முதல் முயற்சி கெடுவதற்குக் காரணம்.

இரண்டாவது காரணம் அடுப்பு. கடையடுப்பின் தழல் வீட்டு எரிவாயு அடுப்பினும் பன்மடங்கு வலிது. அரைக் கிலோ இறைச்சியையும் ஒருசேரக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, இறைச்சியின் நீர் வெளிப்பட்டு, வதங்குவதற்கு மாறாக வெந்துவிடும். இறைச்சி சிவந்து மணப்பது ஏறக்குறைய 140 பாகை வெப்பத்திற்கு மேலேதான். நீர் நிற்கும் சட்டியோ 100 பாகையைத் தாண்டாது. இச்சிவப்பின் வேதியியலைப் பிரெஞ்சு அறிஞர் மையார் 1912இல் விளக்கினார். ஆகவே சட்டி புகையும்வரை காய்ந்தபின் எண்ணெய் ஊற்றி, கோழியை இரண்டு பகுதியாகப் பிரித்து, முதற்பகுதியைப் பரப்பி அரை நிமிடம் தொடாது விடுவர். பின் புரட்டி எடுத்துவைத்து மறுபகுதியையும் அவ்வாறே செய்வர். அதன்பின் மிளகாய், பூண்டு, இஞ்சி. உடனே வெங்காயமும் குடைமிளகாயும். இறுதியில் கோழியும் கிண்ணத்துச் சாறும். சாறு பளபளத்துத் துண்டுகளைப் பற்றியவுடன் இறக்குவர். ஐந்து நிமிடத்திற்குள் எல்லாம் முடியும். ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மிளகாயோடு சேர்ப்பவர் உண்டு. அதைச் சேர்த்தால் சீனக் கடைச் சுவை கெடும் என்போரும் உண்டு. கம் ஹியோங்கை அறிந்தோர் இவ்வழக்கில் முன்னவர் பக்கமே நிற்பர்.

கந்தோனியர் 'வோக் ஹே' என்று போற்றும் சட்டியின் மணம் வீட்டில் முழுமையாக வாராது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் இருவர், சீனச் சமையற்காரர் ஐவரின் கையசைவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்கள் சட்டியை நொடிக்கு 2.7 முறை அசைத்துச் சோற்றைத் தூக்கி எறிந்து ஏந்துவதாகக் கணக்கிட்டுள்ளனர். தழலுக்கு மேலே பறந்து இறங்கும் உணவு கருகாமல் மணம் ஏற்கும். வீட்டில் அகப்பையால் புரட்டுவதே பெரும்பாலும் இயலும்.

தோட்டங்கள் 1950களிலும் 1960களிலும் துண்டாடி விற்கப்பட்டபோது குடும்பங்கள் பல வீடிழந்தன; துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது அதனைத் தடுக்கவே. பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குச் சென்றனர். விறகடுப்பு அங்கே ஏறவில்லை. குவாலி ஏறியது. ஆனால் அடி உருண்ட பழஞ்சட்டி தட்டையான புது அடுப்பில் நில்லாமல் ஆடும். அதற்கென இரும்பு வளையம் ஒன்று வாங்கி வைப்பாரும் உளர். பலர் ஒட்டாப் பூச்சுப் பூசிய தட்டையான சட்டிக்கு மாறிவிட்டனர். அது புகையும்வரை காய்ச்சத் தகாதது, ஆகவே வதக்கலுக்கும் தகாதது. எண்ணெய் ஊறிக் கருத்துப் பளபளக்கும் பழஞ்சட்டியை எறிய மனமின்றிச் சிலர் தீபாவளிக்கு முறுக்குச் சுட மட்டும் எடுத்து வைத்திருக்கின்றனர். அவ்வீட்டுப் பெண்களிடம் அதன் பெயரைக் கேட்டால் குவாலி என்பர். பாட்டிமாருள் தென்மாவட்டத்திலிருந்து வந்தவரைக் கேட்டால், சற்று நினைவுகூர்ந்து, சீனச்சட்டி என்பர்.